இணையவழிப் பட்டம்: கட்டணம் கட்டுவதற்கு முன்



கல்வி உதவி விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. முன்பெல்லாம் விண்ணப்பத்தில் "எந்தக் கல்லூரி?" என்ற இடத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரிகளின் பெயர்களே இருக்கும். இப்போது பத்து விண்ணப்பங்களில் இரண்டு மூன்றிலாவது அந்த இடத்தில் "ஆன்லைன்" என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் பிள்ளை வாப்பாவைப் பார்க்கிறது. வாப்பா, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஆபீஸ் இருக்கு காக்கா, அவங்க பார்த்துக்குவாங்க" என்கிறார்.

அவர்கள் பார்த்துக்கொள்வதில்லை. அதை நமது டிரஸ்ட் அனுபவத்தில் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரியின் பட்டப்படிப்புக்குப் பாதிக் கட்டணத்தை நாங்கள் கொடுத்தோம். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப் பலகை மாட்டிய நிலையம் அது. ரசீது அந்த நிலையத்தின் பெயரில்தான் இருந்தது. அதை நாங்கள் பார்த்தோம், ஆனால் கேள்வி கேட்கவில்லை. பிள்ளை மூன்று ஆண்டு ஒழுங்காகப் படித்துத் தேறினார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான், அவர் சேர்ந்த பருவத்தில் அந்தப் படிப்பை நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்தது. மதிப்பெண் பட்டியலும் முத்திரையும் உண்மையானவை. பட்டம் மட்டும் செல்லாது. அந்தப் பிள்ளை மீண்டும் முதலாண்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மூன்று ஆண்டுகளுக்கு எங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ ஆன்லைன் படிப்பே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும், கடையில் நிற்கும் தம்பிகளுக்கும், மதரஸாவில் ஓதும் மாணவர்களுக்கும், திருமணத்துக்குப் பின் படிப்பை விட்ட சகோதரிகளுக்கும் இது அல்லாஹ் திறந்துவிட்ட வாசல்தான். அதற்கான விதிகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அவை நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவை, அதாவது யு.ஜி.சி.யை, எல்லோருக்கும் தெரியும். இணையவழிப் படிப்புகளுக்கென்று அது முதலில் 2018இல் விதிகள் போட்டது. பிறகு 2020 செப்டம்பரில் தொலைநிலைப் படிப்பையும் இணையவழிப் படிப்பையும் ஒரே விதித்தொகுப்புக்குள் கொண்டுவந்தது. இன்று நடைமுறையில் இருப்பது சில திருத்தங்களுடன் கூடிய அந்த 2020 விதிகள்தான். அதன் 22ஆவது விதியை எடுத்துக்காட்டி, 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற இளநிலை, முதுநிலைப் பட்டம், கல்லூரிக்கு நேரில் சென்று படித்த பட்டத்துக்குச் சமம் என்பதே அதன் சாரம். "ஆன்லைன் டிகிரியை யார் மதிப்பா?" என்று கேட்கும் மாமாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் "அங்கீகாரம் பெற்ற நிறுவனம்" என்ற சொல்லில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறது என்பதால் மட்டும் அது இணையவழியில் நடத்தும் எல்லாப் படிப்பும் செல்லும் என்று பொருளில்லை. பல்கலைக்கழகம் என்ற தகுதி ஒன்று. தொலைநிலையிலோ இணையவழியிலோ படிப்பு நடத்தும் உரிமை வேறு ஒன்று. அந்த உரிமையும் நாக் தரமதிப்பெண், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆகியவற்றைப் பொறுத்தே கிடைக்கிறது. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவம் என்று தனித்தனியாகப் பட்டியல் வெளியாகிறது. ஆண்டுக்கு இரண்டு பருவங்கள்: ஜனவரி–பிப்ரவரி, ஜூலை–ஆகஸ்ட். சென்ற ஆண்டு பட்டியலில் இருந்த படிப்பு இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். பி.காம். இருக்கும், பி.பி.ஏ. இருக்காது. தொலைநிலையில் இருக்கும், இணையவழியில் இருக்காது. நமது அந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான். பல்கலைக்கழகம் உண்மை, படிப்பின் பெயரும் உண்மை, பருவம் மட்டும் பொருந்தவில்லை.

இந்தப் பட்டியலைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம், ஏஜென்டும் வேண்டாம். யு.ஜி.சி.யின் கீழ் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒன்று இருக்கிறது, 'டெப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் அதற்கு அனுமதிக்கப்பட்ட படிப்புகள் பருவம் வாரியாகக் கிடைக்கும். அந்தப் பக்கத்தைத் தேதியுடன் அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் கழித்து யாராவது கேட்டால் காட்ட ஒரு தாளாவது இருக்கட்டும். டிரஸ்டில் ஒரு பிரதி கொடுத்தால் உங்கள் கோப்பிலும் சேர்த்துவைப்போம்.

அனுமதி இல்லாத படிப்பின் முடிவு என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்றே போதும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய முன் அனுமதி இல்லாமல் பொறியியல் படிப்பைத் தொலைநிலையில் நடத்தின. 2017 நவம்பர் 3ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் அவை மீண்டும் உயிர்பெறும் என்றது நீதிமன்றம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து செய்யப்பட்டன, கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவானது. அந்தப் பட்டத்தை வைத்து வேலையும் பதவி உயர்வும் பெற்றவர்கள் பலர். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் வயதில், வேலைக்கு நடுவே மறுபடி தேர்வு எழுதப் போக வேண்டிய நிலை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வருடங்களை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

சில படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தவே கூடாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர் படிப்பு, பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங், விமானப் பராமரிப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளையும் இந்த முறைகளில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இது நம் பெண் பிள்ளைகளை நேரடியாகத் தொடுகிறது. உளவியலும் ஊட்டச்சத்தும் அவர்கள் விரும்பிக் கேட்கும் படிப்புகள். ஆய்வகப் பயிற்சி பாடத்தின் பகுதியாக உள்ள படிப்புகளும் இணையவழியில் கிடையாது. முனைவர் பட்டமும் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஆன்லைன் பி.எச்டி.' தருவதாகச் செயலி நிறுவனங்கள் செய்த விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2022 அக்டோபரில் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்தே எச்சரித்தன. ஆக, "ஆன்லைனில் நர்சிங்", "தபாலில் எல்.எல்.பி." என்று நோட்டீஸ் வந்தால் அதை மளிகை மடிக்க வைத்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழகம் தன் படிப்பை இன்னொருவருக்குக் கிளை உரிமையாக, ஃபிரான்சைஸாக, கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சேர்க்கையும் தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. செயலி நிறுவனங்கள் தொழில்நுட்ப உதவி செய்யலாம், பல்கலைக்கழகமாக நடந்துகொள்ள முடியாது. ஆகவே கட்டணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வர வேண்டும். நிலையத்தின் பெயரில் ரசீது கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலைப் படிப்புக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தம் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நிலையம் வைக்க முடியாது. இணையவழிப் படிப்புக்குத்தான் எல்லை இல்லை. வடக்கே எங்கோ இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் 'தொலைநிலை நிலையம்' நம் ஊர்க் கடைத்தெருவில் இருந்தால், அது எப்படி இங்கே வந்தது என்று கேட்க வேண்டும்.

பணம் கட்டும் முறையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "மாதாமாதம் கட்டினால் போதும், வட்டியே இல்லை" என்பார்கள். நமது சகோதரர் ஒருவர் அப்படி நம்பி ஒரு டேப்லெட் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். அது தவணை அட்டை அல்ல, ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அவர் பெயரில் எடுக்கப்பட்ட கடன். முழுப் பணத்தையும் நிதி நிறுவனம் முதல் நாளே படிப்பை விற்றவர்களிடம் கொடுத்துவிட்டது. பிள்ளைக்குப் படிப்பு ஒத்துவராமல் மூன்றாம் மாதம் விட்ட பிறகும் மாதத் தவணை அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு மாதம் தவறியபோது அபராதமும் வட்டியும் சேர்ந்தன. வட்டியில்லாக் கடன் என்று சொல்லப்படுவதிலும் தாமதத்துக்கு வட்டி போடும் நிபந்தனை உள்ளே இருக்கிறது. இது மார்க்கத்தில் எப்படி என்பதை நமது ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உலக வழக்கில் மட்டும் சொல்கிறோம்: படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகங்களே பருவம் வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ கட்டணம் வாங்குகின்றன. முதல் பருவத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்னும்போது மூன்று ஆண்டுப் பணத்தை யாரிடமும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனிச் சேரும் முறை. 2024 முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ சேரும் ஒவ்வொருவருக்கும் 'டெப் ஐடி' என்ற எண் கட்டாயம். அதை எடுக்க முதலில் ஏ.பி.சி. எண் வேண்டும். ஏ.பி.சி. என்பது மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கணக்கு, 2021இல் வந்தது. டிஜிலாக்கர் வழியாக ஆதார் எண்ணைக் கொண்டு அதை எடுக்கலாம். பிறகு டெப் தளத்தில் பதிவு செய்தால் ஐடி கிடைக்கும், செலவு எதுவும் இல்லை. இந்த எண்ணைக் கேட்காமலே "சேர்த்துக்கொண்டோம்" என்று ஓர் இடத்தில் சொன்னால், அது முறையான சேர்க்கையா என்று சந்தேகப்பட வேண்டும்.

எண் எடுக்க வந்து டிரஸ்ட் அலுவலகத்தில் நின்றுவிட்டவர்களை வைத்துப் பார்த்தால், நம் வீடுகளில் இரண்டு தடைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பிள்ளையின் ஆதாரோடு இணைந்த கைபேசி எண் வாப்பாவுடையதாக இருக்கும், வாப்பா துபாயில் இருப்பார். ஓ.டி.பி. அங்கே போகும். அவர் வேலை முடிந்து பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும். பிள்ளையின் பெயரில் ஓர் எண் வாங்கி ஆதார் மையத்தில் மாற்றிவிடுங்கள். பெண் பிள்ளைக்குத் தனி எண்ணா என்று தயங்குகிறவர்கள் உம்மாவின் எண்ணையாவது கொடுக்கலாம். இரண்டாவது தடை பெயர். ஆதாரில் 'முகமது', மதிப்பெண் பட்டியலில் 'முஹம்மத்', பாஸ்போர்ட்டில் 'மொஹமட்'. நமக்கு மூன்றும் ஒரே பெயர், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப ஆதாரைத் திருத்திய பிறகு ஏ.பி.சி. எண் எடுங்கள். முதலிலேயே செய்தால் அரை நாள் வேலை. பட்டம் வந்த பிறகு செய்தால் ஆறு மாத அலைச்சல்.

மதரஸா மாணவர்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டிரஸ்டில் இருப்பவர்களில் சிலர் அந்தப் பாயில் உட்கார்ந்து ஓதியவர்கள்தான். ஆலிம் படிப்பு நடக்கும்போதே கூடவே பட்டம் படிக்க இணையவழி பொருத்தமானது. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்கக்கூட யு.ஜி.சி. அனுமதிக்கிறது. ஒன்று கல்லூரியில் நேரிலும் மற்றொன்று இணையவழியிலும் இருக்கலாம். ஆனால் ஹிஃப்ழுக்காக எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிள்ளைகள் குறுக்கு வழி தேடக் கூடாது. பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் தருவதாகச் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2009இல் போட்ட 107ஆம் எண் அரசாணைப்படி, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த பிறகு பெற்ற பட்டமே அரசு வேலைக்குத் தகுதி. முதலில் பத்து, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் பட்டம். தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். இரண்டு மூன்று வருடம் கூடுதலாகும் என்று வாப்பாமார் முகம் சுளிக்கிறார்கள். வரிசை மாறிய பட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது வயதில் திரும்பவும் பத்தாம் வகுப்பு எழுத வந்தவரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வளைகுடா போகும் எண்ணம் உள்ளவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சான்றொப்பத்துக்குப் போகும்போது பட்டம் உண்மையா என்று மட்டும் கேட்பதில்லை. எந்த முறையில் படித்தது, எந்த ஊரில் படித்தது என்பதற்கும் பல்கலைக்கழகத்தின் கடிதம் கேட்கும் நாடு உண்டு. நம் நாட்டில் சமம் என்று யு.ஜி.சி. சொன்னது வேறு நாட்டைக் கட்டுப்படுத்தாது. எந்த நாடு, எந்த வேலை என்று முன்பே தெரிந்தால், அங்கே அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று விசாரித்த பிறகே சேருங்கள்.

சரி, முறையாகச் சேர்ந்தாகிவிட்டது. பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும்? இதைப் பலர் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு பி.டி.எஃப். அனுப்பினால் அதுவே வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதிகளின்படி இணையவழிப் பாடத்துக்கு நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்: காணொளிப் பாடம், படிக்கும் பாடக் குறிப்பு, மாணவர் தாமே சோதித்துப் பார்க்கும் வினாக்கள், சந்தேகம் கேட்டு விவாதிக்கும் இடம். இதில் நான்காவதுதான் பெரும்பாலும் பெயரளவில் இருக்கும், நம் பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான். கேள்வி கேட்டு ஒரு வாரமாகியும் பதில் இல்லை என்றால் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் கட்டியவர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. மதிப்பெண்ணில் தொடர் மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு வரை, பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு. ஆக, காணொளியை ஓடவிட்டு அடுப்பங்கரைக்குப் போனால் தேற முடியாது.

"ஆன்லைன்" என்றால் தேர்வும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சில இடங்களில் கேமரா கண்காணிப்போடு அப்படி நடத்துகிறார்கள். பல இடங்களில் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 தொடக்கத்தில் வகுப்புகள் ஆரம்பித்த அந்தப் படிப்பில் பாடமெல்லாம் இணையத்தில், தேர்வுகள் மையத்தில். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரம் அவர்களே பாடம் நடத்தி, அதில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். அடிப்படை நிலை, டிப்ளமா, பட்டம் என்று இடையிலேயே சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. தகுதியுள்ள பிரிவினருக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும் என்பதால் இ-சேவை மையத்துக்கு முன்கூட்டியே போங்கள். கணக்கு நன்றாக வரும் பிள்ளைகள் இதை முயன்று பார்க்கட்டும். கணக்கு வராத பிள்ளையை "ஐ.ஐ.டி." என்ற பெயருக்காக மட்டும் இதில் தள்ளாதீர்கள், கஷ்டமான படிப்பு.

பெண் பிள்ளையைத் தேர்வுக்கு வெளியூர் கூட்டிப்போக ஆள் இல்லாமல் பருவத்தையே விட்ட வீடுகள் நமது மஹல்லாவில் இருக்கின்றன. சேருவதற்கு முன்பே தேர்வு மையம் எந்த ஊர், ஆண்டுக்கு எத்தனை முறை போக வேண்டும், யார் துணைக்குப் போவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பெரும்பாலும் பிள்ளையின் படிப்புதான் நிற்கிறது.

கல்லூரியில் நேரில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி உண்டு. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 முதல் நடக்கிறது. அதில் பாடம் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டினால் போதும். 2021 விதிகளின்படி ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்கு உரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அந்தக் கிரெடிட்டைத் தன் கல்லூரிப் பட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். முன்பு இது 20 விழுக்காடாக இருந்தது. பருவத்துக்கு ஐந்து தாள் என்றால் இரண்டு தாள் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இல்லையா, பிரசவத்துக்குப் பின் சில மாதம் வகுப்புக்குப் போக முடியவில்லையா, இந்த வழி உதவும். ஆனால் கல்லூரி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாடமாக இருக்க வேண்டும். பருவம் தொடங்கும்போதே துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்துவிட்டுப் போய் நின்றால், "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிடுவார்கள்.

ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற பெயரில் வருகின்றன. பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாராந்தரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் காணொளி கேட்டுவிட்டுத் தமிழில் ஒருமுறை படித்தால் பாடம் மனதில் நிற்கிறது என்று நமது பிள்ளைகளே சொல்கிறார்கள்.

நமது டிரஸ்ட் செய்திருக்கும் மாற்றங்களையும் சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டிலிருந்து இணையவழிப் படிப்புக்கான உதவித்தொகை பெற்றோர் கையிலோ நிலையத்துக்கோ கொடுக்கப்படாது. பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகவே செலுத்தப்படும். விண்ணப்பத்தோடு டெப் தளத்தின் அச்சுப் பிரதியும் டெப் ஐடியும் இணைக்க வேண்டும். இல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம், அலுவலகத்திலேயே உட்கார்ந்து எடுத்துக் கொடுப்போம். பெண் பிள்ளைகள் தேர்வு எழுத வெளியூர் போகும்போது துணைக்குப் போகும் ஒருவரின் பயணச் செலவும் உதவியில் சேரும். நூலக அறையில் வைஃபையோடு நான்கு மேசைகள் போட்டிருக்கிறோம். காலை பத்து முதல் லுஹர் வரை சகோதரிகளுக்கு, அஸருக்குப் பின் இஷா வரை சகோதரர்களுக்கு. வீட்டில் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களுக்கு முதலிடம்.

ஏற்கெனவே எங்கேனும் சேர்ந்துவிட்டவர்கள் மறைக்காமல் ரசீதையும் சேர்க்கைக் கடிதத்தையும் எடுத்து வாருங்கள். முதல் பருவத்திலேயே தெரிந்தால் ஆறு மாதத்தோடு போகும். சனி, ஞாயிறு மக்ரிபுக்குப் பின் நாங்கள் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.